மத்தியின் 2050: உலகக் காலநிலை மாடலிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

2012-இல் கேரளத்தில் கரை சேர்ந்த மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021-இல் அது 3,297 டன். அடுத்த ஆண்டே மறுபடியும் 1 லட்சம் டன்னைத் தொட்டது. ஒன்பது ஆண்டில் நூறு மடங்குக்கு மேல் சரிந்து, ஒரே ஆண்டில் முப்பது மடங்கு எழுந்த மீன் இது. இந்த மீனைப் பற்றி "2050-இல் எத்தனை டன் கிடைக்கும்?" என்று உலகக் காலநிலை மாடலிடம், அதாவது கடலையும் காற்றையும் கணக்கிட்டுக் காட்டும் கணினி நிரலிடம் கேட்டு, கிடைத்த எண்ணை அப்படியே திட்ட அறிக்கையில் போடும் பழக்கம் பரவி வருகிறது. அது கவலை தருகிறது. அந்த எண்ணை நம்பி ஒருவர் படகுக் கடன் வாங்குவார், இன்னொருவர் ஐஸ் பிளான்ட் கட்டுவார்.

மாடல்கள் உதவாது என்று சொல்ல வரவில்லை. அவை நன்றாகச் சொல்லும் விஷயங்கள் இருக்கின்றன. பெரிய பரப்பில், இருபது முப்பது ஆண்டுச் சராசரியில், கடலும் காற்றும் எப்படி மாறும் என்பதில் அவற்றின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் மீன் வாழ்வது கரையோர 50 கிலோமீட்டரில், ஒரு பருவத்துக்குள். இந்த இரண்டுக்கும் நடுவே, மீனின் வாழ்க்கையில் எந்தக் கட்டம் எந்தச் சூழலால் தடுமாறுகிறது என்ற அறிவை நாம்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதை மாடல் தராது.

மாடலின் 2015 நம்முடைய 2015 அல்ல

அதிகம் நடக்கும் தவறிலிருந்து தொடங்குகிறேன். உலகின் பல ஆய்வு மையங்களின் காலநிலை மாடல்களை ஒரே விதிப்படி ஓட்டிச் சேர்த்த தொகுப்பு சிமிப்6 (அதற்கு முந்தையது சிமிப்5). அதன் வரலாற்று ஓட்டம் 1850-இல் தொடங்கி 2014-இல் முடிகிறது. 2015 முதல் எஸ்எஸ்பி எனப்படும் உமிழ்வுப் பாதைகள், அதாவது பசுங்குடில் வாயுக்கள் இனி எவ்வளவு வெளியேறும் என்ற அனுமானங்கள். வரலாற்று ஓட்டத்தில் பசுங்குடில் வாயுக்கள், எரிமலைத் தூசி, சூரிய ஒளி ஆகியவை உண்மையில் இருந்தபடியே கொடுக்கப்படுகின்றன. ஆனால் கடலின் தொடக்க நிலை உண்மையான கடலோடு ஒட்டவைக்கப்படுவதில்லை. அதனால் எல் நினோ, லா நினா, இந்தியப் பெருங்கடல் இருமுனை அலைவு ஆகியவை மாடலுக்குள் தம் போக்கில் வந்து போகும். 1997-இல் உலகையே உலுக்கிய எல் நினோ மாடலில் 1993-இலோ 2001-இலோ வரலாம், வராமலும் போகலாம்.

ஆகவே வரலாற்று ஓட்டத்தின் ஆண்டு வெப்பநிலையை எடுத்து, அதே ஆண்டுகளின் மீன்பிடிப்போடு தொடர்புக் கெழு கணக்கிடுவதில் பொருளே இல்லை. மீனுக்கும் சூழலுக்குமான உறவைக் கண்டுபிடிக்க, கடல் மேற்பரப்பு வெப்பநிலையை அளந்து பெற்ற தரவு வேண்டும்: 1981 செப்டம்பரிலிருந்து கால் பாகைக் கட்டங்களில் கிடைக்கும் ஓஐஎஸ்எஸ்டி, 1870 வரை பின்னோக்கிப் போகும் ஒரு பாகை ஹாட்ஐஎஸ்எஸ்டி, அல்லது அளவீடுகளை மாடலோடு இணைத்துக் கடந்த காலத்தை மீட்டுத் தரும் ஏதாவதொரு மறுபகுப்பாய்வு. உறவு அங்கே கண்டறியப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகுதான் மாடலின் எதிர்காலம் உள்ளே வர வேண்டும். அதுவும் ஆண்டு ஆண்டாக அல்ல. 1985–2014 சராசரி, 2035–2064 சராசரி, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு என்ற வடிவில்தான்.

இதிலிருந்து கேள்விகளையும் பிரித்துக்கொள்ளலாம். நாளை எங்கே வலை போடுவது என்பதற்கு ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பு இருக்கிறது. செயற்கைக்கோள் அளக்கும் வெப்பநிலையும், நீரில் பாசியின் அளவைக் காட்டும் பச்சையமும் அதற்குப் போதும். அடுத்த பருவத்துக்குப் பருவகால முன்கணிப்பு. அடுத்த பத்தாண்டில் இயற்கையான ஏற்ற இறக்கமே ஆட்சி செய்யும். காலநிலை மாடல் அங்கே அதிகம் உதவாது. ஒரு துறைமுகத்தின் ஆயுள், தடைக்காலம் எந்த மாதங்களில் இருக்க வேண்டும், எந்த மீனை நம்பி ஒரு கரையின் தொழில் அமைய வேண்டும் என்ற கேள்விகள்தான் இந்த மாடல்களுக்கு உரியவை.

இலங்கை நாலு கட்டம் நீளம்

மாடல் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே மதிப்பைத் தரும். சிமிப்6 மாடல்கள் பலவற்றில் கடல் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது 110 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டி வடக்கு-தெற்கு இடைவெளியை மூன்றில் ஒரு பாகையாகக் குறைக்கும் மாடல்கள் உண்டு. கிழக்கு-மேற்கு அகலம் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் ஜிஎஃப்டிஎல்-இஎஸ்எம்4 மாடலில் அரைப் பாகை. இந்தியாவிலிருந்து சிமிப்6-இல் பங்கேற்ற புனேயின் ஐஐடிஎம்-இஎஸ்எம்மும் ஒரு பாகை வகையைச் சேர்ந்ததுதான்.

இதை நம் கரையில் வைத்துப் பாருங்கள். கொச்சிக்கு எதிரே கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தளத்தின் அகலம் சுமார் 60 கிலோமீட்டர். மத்தி முட்டையிடுவதும், குஞ்சு வளர்வதும், வலையில் சிக்குவதும் எல்லாம் அதற்குள். மாடலில் அது ஒரு கட்டத்தில் பாதி. இலங்கை ஏறத்தாழ நாலு கட்டம் நீளம், இரண்டு கட்டம் அகலம். பாக் நீரிணை பல மாடல்களில் மூடிக்கிடக்கும், அதாவது தரை. திறந்திருந்தாலும் சிக்கல்தான்: சில மாடல்களில் மேலடுக்கின் தடிமனே 10 மீட்டர், பாக் விரிகுடாவின் சராசரி ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவே. அங்கே மேல்நீர், அடிநீர் என்ற வேறுபாடே மாடலுக்குத் தெரியாது.

இதனால் என்ன கெடும்? கேரளக் கரையில் மே மாதம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும் மேற்பரப்பு நீர், பருவக்காற்று வலுத்ததும் கரையோரத்தில் 26, 27-க்கு இறங்குகிறது. காற்று கரைநீரைக் கடலுக்குள் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வருவதால் அப்படி ஆகிறது. அந்தக் குளிர்நீர்ப் பட்டை சில பத்து கிலோமீட்டர் அகலமே. ஒரு பாகைக் கட்டம் அதை வெளிக்கடல் நீரோடு கலந்து சராசரி ஆக்கிவிடும். போதாக்குறைக்கு, இந்த மேலெழுச்சியை உள்ளூர்க் காற்று மட்டும் நடத்துவதில்லை. வங்காள விரிகுடாவின் கரையோரமாக இறங்கி, இலங்கையைச் சுற்றி, கேரளக் கரையேறும் கெல்வின் அலைகளும் (கரையை ஒட்டியே நெடுந்தூரம் நகரும் கடலலைகள்) குளிர்நீர் அடுக்கை மேலும் கீழும் நகர்த்துகின்றன. இலங்கையை எட்டுக் கட்டமாகப் பார்க்கும் மாடலில் அந்த அலையின் பாதை எவ்வளவு சரியாக இருக்கும்?

கட்டத்தின் அளவு வெறும் தெளிவுக் குறைவு அல்ல, விடையையே மாற்றிவிடும் என்பதற்கு அமெரிக்காவின் வடகிழக்குக் கரை நல்ல சான்று. பருமனான மாடல்களில் அங்குள்ள வெப்பநீரோட்டமான வளைகுடா நீரோட்டம், வட கரோலினாவின் ஹட்டெராஸ் முனையில் கரையை விட்டு விலகாமல், வடக்கே தள்ளிப் போய்த்தான் விலகும். 2016-இல் வெளிவந்த ஆய்வொன்றில், பத்தில் ஒரு பாகைக் கட்டங்கள் கொண்ட ஜிஎஃப்டிஎல் சிஎம்2.6 மாடலை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த மாடலில் அங்குள்ள கண்டத்திட்டு, உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் சூடேறியது. பருமனான மாடல்கள் அதை மிகக் குறைத்துக் காட்டியிருந்தன. காட் மீனும் லாப்ஸ்டரும் அந்த வேறுபாட்டுக்குள்தான் வாழ்கின்றன.

கோப்பை இறக்கியதும் பார்க்க வேண்டியவை

மாடல் தரவுகளைப் பகிரும் இஎஸ்ஜிஎஃப் இணையத் தளங்களிலிருந்து தரவை இறக்கத் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடங்கள் சில.

கடல் மேற்பரப்பு வெப்பநிலையின் மாறிப் பெயர் டிஓஎஸ். சிமிப்5-இல் அது கெல்வினில் இருக்கும், சிமிப்6-இல் செல்சியஸில். இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் 273 டிகிரி வேறுபாடு வரும். அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது பச்சையம். அது கன மீட்டருக்குக் கிலோகிராமில் இருக்கும். நாம் பழகிய மில்லிகிராமுக்கு 10 லட்சத்தால் பெருக்க வேண்டும். பாசிகள் ஒளிச்சேர்க்கையால் சேர்க்கும் கார்பனான முதன்மை உற்பத்தி, சதுர மீட்டருக்கு வினாடிக்கு மோல் கணக்கில் வரும். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கார்பன் என்று அறிய 12-ஆலும் 86,400-ஆலும் பெருக்க வேண்டும், அதாவது 10,36,800.

நாள்காட்டி அடுத்தது. யுகேஇஎஸ்எம்1 போன்ற பிரிட்டிஷ் மாடல்களில் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள். வேறு சில மாடல்களில் லீப் ஆண்டு கிடையாது. மாதச் சராசரியோடு வேலை செய்தால் பெரிய தொல்லை இல்லை. தினசரி தரவை எடுத்து, "வெப்ப அலை எத்தனை நாள் நீடித்தது" என்று எண்ணும்போது இடறும்.

கடல் மாடல்களின் கட்டங்கள் நேர்கோட்டு அட்சரேகை, தீர்க்கரேகையில் அமைவதில்லை. வழக்கமான கட்டத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். நம் கரைக்கே உரிய ஆபத்து இங்கே இருக்கிறது. பாக் விரிகுடாவோ மன்னார் வளைகுடாவோ மாடலில் தரையாக இருக்கும்போது, "அருகிலுள்ள கடல் கட்டத்தை எடு" என்று கணினியிடம் சொன்னால், அது கேட்காமலே எந்தப் பக்கத்துக் கடலையும் எடுக்கும். ராமநாதபுரத்துக்கான வெப்பநிலை அரபிக் கடலிலிருந்து வந்திருக்கும். வரைபடம் மட்டும் அழகாக இருக்கும். சிடிஓ என்ற மென்பொருளில் இருநேரியல் இடைக்கணிப்பு (சுற்றியுள்ள கட்டங்களின் மதிப்பிலிருந்து இடையில் உள்ளதைக் கணக்கிடுவது) செய்தாலும், சுற்றியுள்ள நாலு கட்டத்தில் சில தரையாக இருந்தால் கரையோரம் முழுக்க வெற்றிடமாகிவிடும். அதை நிரப்பும் கட்டளை மறுபடி பக்கத்திலிருந்து இழுத்து வரும். மாற்றுவதற்கு முன்னால் மாடலின் தரை-கடல் முகமூடியை வரைந்து பாருங்கள். எந்தக் கட்டங்களை எடுப்பது என்று கையால் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் எந்த மென்பொருளும் இதைச் செய்து தராது.

கோப்பின் பெயரில் வரும் ஆர்1ஐ1பி1எஃப்1 போன்ற குறியீட்டையும் கவனியுங்கள். முதல் எண், அந்த மாடலின் எத்தனையாவது ஓட்டம் என்பது. கனடாவின் கேன்இஎஸ்எம்5-க்குப் பல பத்து ஓட்டங்கள் உண்டு; வேறு மாடல்களுக்கு ஒன்றே ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுச் சராசரி எடுத்தால், அது "பல மாடல்களின் சராசரி" ஆகாது; கனடா மாடலின் கருத்தாகத்தான் இருக்கும். முதலில் மாடலுக்குள் சராசரி, பிறகு மாடல்களுக்கிடையே.

மீனின் வாழ்க்கையில் எந்த இடம்?

இதுவரை சொன்னது கணினி வேலை, கவனமிருந்தால் போதும். எந்தச் சூழல் மாறி மீனை ஆட்டுகிறது என்பதைத் தேர்வதுதான் கடினம்.

இதைச் சரியாகச் செய்த ஓர் ஆய்வை நான் திரும்பத் திரும்பச் சுட்டுவதுண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் குரோக்கர் என்ற மீன். நம் கத்தாழை, பன்னா வகைகளின் குடும்பம். அதன் குஞ்சுகள் முதல் குளிர்காலத்தைக் கழிமுகங்களில் கழிக்கின்றன. தண்ணீர் 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இது தொட்டிகளில் வைத்துச் சோதிக்கப்பட்ட விஷயம். 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கழிமுகத்து நீரின் வெப்பநிலையை மாடலிடம் அவர்கள் கேட்கவில்லை, ஏனென்றால் மாடலில் கழிமுகமே கிடையாது. ஆழமில்லாத நீர் காற்றின் குளிரையே பின்பற்றும். குளிர்காலக் காற்றின் வெப்பநிலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்றாக அசையும். அதை மாடல் நன்றாகச் சொல்லும். அந்த ஒரு மாறியை 14 மாடல்கள், மூன்று உமிழ்வுப் பாதைகளிலிருந்து எடுத்து, இனப்பெருக்கக் கணக்கில் சேர்த்தார்கள். அன்றைய அளவிலேயே மீன்பிடிப்பு தொடர்ந்தால், முட்டையிடும் மீன்களின் எடை 2010–2100 சராசரியில் 60 முதல் 100 விழுக்காடு கூடும், மீன்தொகுதியின் மையம் 50 முதல் 100 கிலோமீட்டர் வடக்கே நகரும் என்று வந்தது. மீன்பிடிப்பின் அளவைத் தனியாக மாற்றிப் பார்க்கவும் அந்தக் கணக்கில் இடம் இருந்தது.

மாடலுக்குத் தெரிந்ததையும் மீனுக்குத் தேவையானதையும் இணைக்கும் ஒரே ஒரு மாறியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். பாக் விரிகுடாவுக்கும் இதே வழி பொருந்தும் என்பது என் எண்ணம். அங்கே கடல் மாடலின் நீர் வெப்பநிலையை நம்புவதைவிட, கடல்மேல் காற்றின் வெப்பநிலையை எடுத்து, அளந்த நீர் வெப்பநிலையோடு அது எப்படிப் போகிறது என்று முதலில் சோதிப்பது நல்லது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவின் பசிபிக் சார்டினுக்கு, ஸ்கிரிப்ஸ் நிறுவனத்துப் பாலத்தில் அளந்த கடல் வெப்பநிலையின் மூன்றாண்டுச் சராசரியை வைத்தே பிடிப்பு விழுக்காட்டை 5-க்கும் 15-க்கும் இடையில் ஏற்றி இறக்கும் விதி 1990-களின் கடைசியில் உருவானது. உலகில் சூழல் மாறியை நேரடியாகப் பிடிப்பு விதிக்குள் வைத்த அரிய முயற்சி அது. 2010-இல் புதிய ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பாலத்து வெப்பநிலைக்கும் சார்டினின் இனப்பெருக்கத்துக்கும் இருந்த உறவு நிற்கவில்லை. பிறகு கரைக்கு அப்பால் கப்பல்களில் அளக்கும் கால்கோஃபி வெப்பநிலைக்கு விதியை மாற்றினார்கள். முப்பது நாற்பது புள்ளிகளில் கண்ட உறவு, காரணம் தெரியாவிட்டால் இப்படித்தான் ஒருநாள் அறும். ஓர் இனம் தன் வாழிட எல்லையில், குளிரின் விளிம்பிலோ வெப்பத்தின் விளிம்பிலோ வாழும் இடத்தில் இத்தகைய உறவுகள் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். குரோக்கரின் கணக்கு வேலை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மத்திக்கு வருவோம். அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. பருவமழைக் காலத்தில் முட்டையிடுகிறது. கேரளத்தின் காலாண்டுப் பிடிப்புத் தரவை வைத்து அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவும் இந்திய நிறுவனங்களும் சேர்ந்து செய்த ஆய்வில், கரையோர மேற்பரப்பு வெப்பநிலையின் இரண்டரை ஆண்டுச் சராசரி பிடிப்பு முன்கணிப்பை மேம்படுத்தியது. ஒரு மாதத்து வெப்பநிலையைவிட, மீன் வாழ்ந்த காலம் முழுவதும் அனுபவித்த வெப்பநிலை பேசுகிறது என்பதில் உயிரியல் பொருத்தம் இருக்கிறது. இன்னொரு பக்கம், மேலெழுச்சியும் அதனால் பெருகும் டயாட்டம் பாசிகளும். பிரஜிலேரியா ஓசியானிகா என்ற டயாட்டம் பெருகும் காலத்தில் மத்தி கூடுவதை 1950-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேலெழுச்சிக்கு மாடலின் கரையோர வெப்பநிலையைப் பார்க்காமல், காற்றின் இழுவிசையிலிருந்து நாமே கணக்கிடலாம். கரைக்கு இணையான இழுவிசையை நீரின் அடர்த்தியாலும் கொரியாலிஸ் எண்ணாலும் (பூமியின் சுழற்சி நீரோட்டத்தைத் திருப்பும் அளவு; அட்சரேகைக்கேற்ப மாறும்) வகுத்தால், ஒரு மீட்டர் கரைக்கு வினாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வெளியே தள்ளப்படுகிறது என்று கிடைக்கும். 9 பாகை வடக்கில் கொரியாலிஸ் எண் 0.0000228. இழுவிசை சதுர மீட்டருக்கு 0.05 நியூட்டன், அடர்த்தி 1025 என்றால், 100 மீட்டர் கரைக்கு வினாடிக்கு சுமார் 214 கன மீட்டர். அதே காற்று 18 பாகையில் வீசினால் அதில் பாதிதான்.

இதில் இரண்டு இடங்களில் தவறுவார்கள். கேரளக் கரை நேர் வடக்கு-தெற்கு அல்ல; ஏறத்தாழ 20 பாகை வடமேற்காகச் சாய்ந்திருக்கிறது. காற்றின் இழுவிசையில் கிழக்கு நோக்கிய கூறு 0.06, தெற்கு நோக்கிய கூறு 0.02 என்று வையுங்கள். கரைக்கு இணையாகச் சுழற்றினால் 0.039 வரும். சுழற்றாமல் தெற்குக் கூறை மட்டும் எடுத்தால் 0.02, பாதிதான். இரண்டாவது, கரையை ஒட்டிய கட்டத்தில் தரையின் உராய்வு கலந்திருக்கும்; மேற்குத் தொடர்ச்சி மலையும் மாடலில் மழுங்கிப் போயிருக்கும். கடலுக்குள் ஒன்றிரண்டு கட்டம் தள்ளி எடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் மீன்பிடிப்பைத் தனி மாறியாக வைக்காவிட்டால் கணக்கு பொய் சொல்லும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளவுக்கு மீறிப் பிடித்ததும், 2015 எல் நினோவை ஒட்டிய வெப்பமும் சேர்ந்தே மத்தியைச் சரித்தன. ஒன்றை விட்டால் அதன் பங்கும் மற்றதன் கணக்கில் ஏறும். பிடிப்புத் தரவிலும் ஒரு கண் வேண்டும்: மீன் கரை சேர்ந்த இடம், பிடிபட்ட இடம் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் கொச்சியில் மீன் இறக்குவது எல்லோரும் அறிந்ததே. நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கும் படகுகள் பெருகப் பெருக, மாவட்ட வாரியான எண்ணிக்கையில் "மீன் வடக்கே நகர்ந்தது" என்று தெரிவது படகு நகர்ந்ததாகவும் இருக்கலாம்.

பிழையைக் கழிப்பதும், கழிக்க முடியாததும்

எந்த மாடலும் சொந்தப் பிழையோடுதான் வரும். அரபிக் கடல், பருவக்காற்றுக்கு முந்தைய மாதங்களில் பல மாடல்களில் உள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர், ஈரப்பதத்தைக் குறைத்து மழையையும் குறைக்கிறது. ஆக்சிஜனில் நிலைமை இன்னும் மோசம்: அரபிக் கடலில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் வறண்ட அடுக்கைப் பல மாடல்கள் வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோய்விடுகின்றன. ஆக்சிஜனை வைத்து மாவட்ட அளவில் எதையும் சொல்ல இப்போதைக்கு நான் துணியமாட்டேன்.

வெப்பநிலைக்கு வழக்கமான தீர்வு, மாற்றத்தை மட்டும் எடுத்து அளந்த சராசரியோடு கூட்டுவது. மாடலின் மே மாதம் 28.6 டிகிரி, எதிர்கால மே 30.4 என்றால் மாற்றம் 1.8. அளந்த மே 30.1 என்றால் எதிர்காலம் 31.9. பச்சையத்துக்குக் கூட்டக் கூடாது, விகிதத்தால் பெருக்க வேண்டும். கூட்டினால் எதிர்மறைப் பச்சையம் வந்து நிற்கும். மீனுக்கு வெப்ப வரம்பு உண்டு என்னும்போது இந்தத் திருத்தம் கட்டாயம். மாடல் ஒரு டிகிரி குளிர்ந்திருந்தால், 29 டிகிரி வரம்பை எந்த மாதமும் தாண்டாதது போலத் தோன்றும்.

ஆனால் இந்த முறை, பிழை எதிர்காலத்திலும் அப்படியே இருக்கும் என்று கருதுகிறது. நீரோட்டத்தின் இடமே தவறாக இருக்கும்போது அது பொய்த்துவிடும். மேலே சொன்ன வளைகுடா நீரோட்டம் அந்த வகை. அங்கே ரோம்ஸ் போன்ற, ஒரு பகுதிக் கடலை மட்டும் சிறு கட்டங்களில் கணக்கிடும் வட்டார மாடலை நுணுக்கமாக ஓட்டிப் பார்க்கலாம். அதன் விளிம்பில் ஊட்டுவது உலக மாடலின் தரவையே என்பதை மறக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் பருவக்காற்று தவறாக இருந்தால், நுணுக்கமான கட்டத்தில் நுணுக்கமான தவறு கிடைக்கும்.

எத்தனை மாடல் எடுப்பது? குறைந்தது ஐந்தாறு. "நம் பகுதிக்குச் சிறந்த மாடல்" என்று ஒன்றைப் பொறுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்றைய சராசரியைச் சரியாகக் காட்டுவது, நாளைய மாற்றத்தையும் சரியாகச் சொல்லும் என்பதற்கு உறுதி ஆகாது. அதேவேளை எல்லாவற்றையும் கண்மூடிச் சேர்ப்பதும் சரியல்ல. கார்பன் டைஆக்சைடு இரட்டித்தால் உலகம் எத்தனை டிகிரி சூடேறும் என்பதில் சிமிப்6 மாடல்கள் 1.8-இலிருந்து 5.6 வரை விரிகின்றன. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி பெரிதும் வாய்ப்புள்ளதாகச் சொல்வது 2.5-க்கும் 4-க்கும் இடையில். சூடு மிகுந்த மாடல்கள் சராசரியை இழுத்துவிடும். "2050-இல்" என்று கேட்காமல் "உலகம் 2 டிகிரி சூடேறிய நிலையில்" என்று கேட்டால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். ஒவ்வொரு மாடலும் அந்த அளவை எட்டும் இருபது ஆண்டைத் தனித்தனியே எடுத்து ஒப்பிடலாம்.

உலக அளவில் மீன்மாடல்கள் பலவற்றை ஒன்றாக ஓட்டிய ஃபிஷ்மிப் குழு, ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் கடல் விலங்குகளின் மொத்த எடை சராசரியாக 5 விழுக்காடு குறையும் என்று 2019-இல் கணித்தது. மீன்பிடிப்பு வாய்ப்பு உயர் அட்சரேகைகளில் கூடி, வெப்பமண்டலத்தில் 40 விழுக்காடு வரை குறையலாம் என்று 2010-இல் ஒரு கணிப்பு வந்தது. திசையைக் காட்ட இவை போதும். இதே 40-ஐ எடுத்துத் தூத்துக்குடிக்குப் பொருத்துவது தவறு.

தடைக்காலத்துக்கு இதனால் என்ன?

பயன் உடனே தெரியும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன்கள் முட்டையிடும் காலத்தைக் காப்பதே அதன் நோக்கம். சங்கரா என்று சென்னைச் சந்தையில் விற்கும் நெமிப்டெரஸ் இனங்களை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிஎம்எஃப்ஆர்ஐ) ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில், முட்டையிடும் மீன்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஏப்ரல்–செப்டம்பர் வெப்ப மாதங்களில் கிடைத்தன. 2000–2004-இல் அது இருபதில் ஒரு பங்காகக் குறைந்து, மற்றதெல்லாம் அக்டோபர்–மார்ச்சுக்கு நகர்ந்திருந்தது. 28-க்கும் 29 டிகிரிக்கும் இடைப்பட்ட நீரை அந்த மீன் தேடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அப்படியானால் அந்த மீனைப் பொறுத்தவரை தடைக்காலம், முட்டையிடாத மாதங்களைத்தான் காக்கிறது.

இங்கே காலநிலை மாடல் தன் முழுப் பலத்தோடு உதவும். கேட்பது டன் கணக்கு அல்ல. சென்னைக்கு எதிரே கடல் எந்த மாதங்களில் 28–29 டிகிரிக்குள் இருக்கும், அந்த மாதங்கள் 2 டிகிரி உலகில் எப்படிச் சுருங்கும் என்பது மட்டுமே. கரைக்கு அப்பால் இரண்டு கட்டம், மாத வாரியான மாற்றம், ஓஐஎஸ்எஸ்டி சராசரியின் மேல் கூட்டல், ஆறேழு மாடல், ஒவ்வொன்றின் விடையும் தனி வரியாக. பாதிக்கு மேற்பட்ட மாடல்கள் ஒரே மாதத்தைச் சுட்டினால் அது பேச வேண்டிய விஷயம். சிதறினால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

ஆனால் தடைக்காலம் ஒரு மீனுக்கானது அல்ல. இறால், கணவாய், காரல், மத்தி என்று ஒவ்வொன்றுக்கும் முட்டையிடும் மாதம் வேறு. ஒன்றுக்காகத் தேதியை மாற்றினால் இன்னொன்று திறந்துவிடப்படும். ஆகவே மாடல் வேலைக்கு முன்பே தொடங்க வேண்டியது, காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற இறங்குதளங்களில் மாதந்தோறும் முக்கிய இனங்களின் சினைப்பை முதிர்ச்சியைப் பதிவுசெய்வது. தடை மாதங்களில் விசைப்படகு மீன் வராது என்பதால், நாட்டுப்படகுகளின் பிடிப்பிலிருந்தும் அந்த இரண்டு மாதத்துக்கு மாதிரி எடுக்க வேண்டும். அந்த மாதங்கள் வெற்றிடமாக இருக்கும் அட்டவணையை வைத்துக்கொண்டு முட்டையிடும் காலம் நகர்ந்ததா இல்லையா என்று எந்த மாடலாலும் சொல்ல முடியாது.